வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் உடம்பைக் கட்டுங்கள்!

"அம்மா, எங்க சர்ச் வாலிபர் சங்கத்துல இலங்கைக்குப் போறோம். மலையகத்துல வீடு இல்லாதவங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போறோம். பதினஞ்சு நாள்!"

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் இப்படி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

அம்மாவுக்கு முதலில் வருவது பயம். அப்பாவுக்கு முதலில் வருவது டிக்கெட் கணக்கு. பாட்டிக்கோ முறுக்கும் அதிரசமும் எத்தனை டப்பா கட்டுவது என்ற கவலை! யாருக்குமே முதலில் தோன்றாத கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்த உடம்பு அந்த வேலையைத் தாங்குமா?"

சுங்குவார்சத்திரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி பஸ்கள். பத்தொன்பது, இருபது வயதிலேயே சம்பளம் வாங்கும் பிள்ளைகள். கையில் புது பாஸ்போர்ட், மனசில் நல்ல எண்ணம். ஆனால் உடம்பு? பகலெல்லாம் ஏ.ஸி. ஹாலில் ஒரே இடத்தில் நின்று சின்னச் சின்ன உதிரி பாகங்களைப் பொருத்திப் பழகிய உடம்பு. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறி, தூக்கம் கெட்ட உடம்பு. கல்லூரிப் பிள்ளைகள் என்றால் செல்போனைத் தவிர வேறு எதையும் தூக்காத கை! இந்த உடம்பு திடீரென்று ஒரு நாள் மலைச்சரிவில் ஹாலோ பிளாக் கல் சுமக்கப் போகிறது.

போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போகட்டும், நன்றாகப் போகட்டும். ஆனால் தயாராகாமல் போகக் கூடாது. உதவப் போகிறவன் மூன்றாம் நாளே வாந்தி பேதியில் படுத்துவிட்டால், அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது யார்? யாருக்கு வீடு கட்டப் போனானோ அந்தக் குடும்பத்து அம்மாதான்! அவள் அன்றைய வேலையையும் கூலியையும் விட்டுவிட்டு இவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது உதவியா, உபத்திரவமா? நீங்களே சொல்லுங்கள்.

புது விஷயம் இல்லை

கடல் கடந்து போய் அந்நியருக்கு வீடு கட்டிக் கொடுப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. முதல் உலகப் போர் முடிந்ததும், 1920-ல், பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினீயர் சில தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, பிரான்சில் வெர்தூன் பக்கத்தில் போரில் இடிந்த கிராமத்தை எடுத்துக் கட்டப் போனார். கிறிஸ்துவ நம்பிக்கையில் ஊறியவர், ஆயுதம் தொடமாட்டேன் என்றவர். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் புரட்டிப் போட்டபோது அவர் நம் நாட்டுக்கும் வந்தார். வீடிழந்த கிராமத்து மக்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்.

1976-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லார்ட் புல்லர், லிண்டா புல்லர் தம்பதி தொடங்கிய 'ஹாபிடாட் பார் ஹியூமானிட்டி' அமைப்பும் இப்படித்தான். 1983 முதல் இந்தியாவிலும் வேலை செய்கிறது. அவர்களிடம் எனக்குப் பிடித்த ஒரு கொள்கை உண்டு. வீடு பெறும் குடும்பம் தானும் வியர்வை சிந்தி உழைக்க வேண்டும். தொண்டர்கள் அவர்களுக்குப் பதிலாக அல்ல, அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவியும் ஆண்டுதோறும் இந்த அமைப்போடு சுத்தியல் பிடித்தவர்கள். 2006-ல் மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே வந்து 100 வீடுகள் கட்டும் வேலையில் கலந்துகொண்டார்கள். அதே கார்ட்டர் 2017 ஜூலையில் கனடாவின் வின்னிபெக் நகரில் வெயிலில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது உடம்பில் நீர் வற்றிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார். அப்போது அவருக்கு வயது 92. மறுநாளே வேலை இடத்துக்குத் திரும்பினார் என்பது வேறு விஷயம்! கூடவே பாதுகாப்பு ஆட்கள், கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் என்று இருந்த மனிதருக்கே அந்தக் கதி. நம் வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அவன் தண்ணீர் பாட்டிலும் அவன் புத்தியும்தான்.

இலங்கை மலையகம் யார் வீடு?

இலங்கை மலையகத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டது ஏன் தெரியுமா? அங்கே இருப்பவர்கள் நம் ஜனங்கள். சுமார் 200 வருடங்களுக்கு முன் காபித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில், 'லயம்' என்கிற ஒற்றை அறைகளில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். இந்திய அரசு அவர்களுக்காக முதலில் 4,000 வீடுகளும், 2017-ல் மேலும் 10,000 வீடுகளும் கட்டித் தர ஒப்புக்கொண்டது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைகள் சரிந்து, இலங்கை முழுவதும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மலைப்பக்கத்தில் வீட்டுக்கான தேவை எவ்வளவு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒரு பழைய செய்தியும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். தோட்ட முதலாளிக்கு அவர்கள் மேல் இருந்த பாசத்தால் அல்ல. வேலைக்கு ஆரோக்கியமான கை வேண்டும் என்பதற்காக. கூலிக்குப் போனவனுக்கே உடம்பைச் சோதித்து அனுப்பினார்கள். அன்புக்காகப் போகிற பிள்ளையைச் சோதிக்காமல் அனுப்பலாமா?

"டிக்கெட் பணத்தை அனுப்பிவிட்டால் போதாதா?"

நியாயமான கேள்வி. இருபது பேர் போய்வரும் செலவுக்கு அங்கேயே நாலு கொத்தனாரையும் சித்தாளையும் வைத்தால் வேலை வேகமாக நடக்கும். அந்த ஊர்க்காரனுக்குக் கூலியும் கிடைக்கும். இதை மறுக்க முடியாது.

ஆனாலும் போவதில் ஒரு பயன் உண்டு என்பது என் கருத்து. சுமை தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் சுமை தூக்குகிறவன் அருமை தெரியும். நம் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழும் கட்டடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். பல பேருக்கு நல்ல காலணி இல்லை, கையுறை இல்லை. தினம் பார்க்கிறோம், பார்க்காத மாதிரி போகிறோம். இலங்கையில் 15 நாள் பாண்டு சுமந்துவிட்டு வருகிற பிள்ளை இவர்களைப் பார்க்கிற பார்வையே மாறிப் போகும். டிக்கெட்டுக்குக் கிடைக்கும் லாபம் இதுதான். ஆனால் அங்கே போய்ப் படுத்துக் கிடந்துவிட்டு வந்தால் இந்த லாபமும் கிடையாது, பணமும் போச்சு!

எனவே போவது என்று முடிவெடுத்தால் எட்டு வாரம் முன்னதாக வேலையைத் தொடங்குங்கள்.

நானே சொல்கிறேன், ஊசி போடுங்கள்!

சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, முப்பது வருடமாகக் கஷாயமும் சூரணமும் கொடுத்துவரும் நான் இதைச் சொன்னால் சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை. "டாக்டர், நிலவேம்புக் குடிநீர் குடிச்சிட்டுப் போனா ஊசி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நிலவேம்பு வேறு, தடுப்பூசி வேறு. நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்த அந்தக் குடிநீரின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அது துருப்பிடித்த ஆணி குத்தினால் வரும் ரணஜன்னியைத் தடுக்காது. அந்த வேலைக்கு ஊசிதான். எங்கள் மருத்துவத்தின் பெயரைச் சொல்லி ஊசிக்கு முழுக்குப் போடுகிறவர் எங்கள் மருத்துவத்துக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்.

ரணஜன்னி ஊசி: பள்ளியில் 16 வயதில் போட்டதோடு பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். அழுக்கான, ஆழமான காயம் பட்டால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே மறுபடியும் தேவைப்படும். கட்டட வேலை என்றாலே ஆணியும் தகரமும்தானே? மஞ்சள் அப்பிக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கழுவுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

டைபாய்டு, மஞ்சள் காமாலை 'ஏ' வகை: இரண்டும் சாப்பாடு, தண்ணீர் மூலம் வருபவை. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. புறப்படும் முதல் நாள் ஓடிப்போய்ப் போட்டுப் பயனில்லை. உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க அவகாசம் வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் முன்பே உங்கள் குடும்ப டாக்டரிடம் போய், "இந்த ஊருக்கு, இந்த வேலைக்குப் போகிறோம்" என்று சொல்லிக் கேளுங்கள்.

நாய்க்கடி: புது ஊரில் தெருநாயைக் கொஞ்சுவதெல்லாம் வேண்டாம். கடித்துவிட்டால் உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசி போட வேண்டும். வேர், பச்சிலை என்று ஒரு நாளும் கடத்தக் கூடாது.

ரத்தப் பரிசோதனை: தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பெண் பிள்ளை போகிறாள் என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் இரண்டு மாதத்தில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, கூடவே டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரை என்று ஓரளவு தேற்றிவிடலாம். அன்னபேதிச் செந்தூரம் போன்ற மருந்துகளை நீங்களாகக் கடையில் வாங்கித் தராதீர்கள்.

எட்டு வாரப் பயிற்சி

ஜிம்மில் சேர வேண்டாம். வீடும் தெருவும் போதும்.

முதல் இரண்டு வாரம்: காலையில் அரை மணி நேரம் வேக நடை. கூடவே தினம் இருபது தோப்புக்கரணம். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க டாக்டர்" என்று சிரிக்காதீர்கள். முழங்காலுக்கு மதம் கிடையாது! குனிந்து நிமிர்ந்து செங்கல் எடுக்கும் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

மூன்று, நான்காம் வாரம்: மாடிப்படி ஏறி இறங்குங்கள். இரண்டு கையிலும் அரை அரை வாளித் தண்ணீர் தூக்கி நடங்கள். பாரத்தை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, உடம்போடு அணைத்து எழ வேண்டும். சித்தாள் வேலை செய்யும் அம்மாக்களைக் கவனியுங்கள். சும்மாடு வைத்து, கழுத்தை நேராக நிறுத்தி எவ்வளவு அழகாகப் போகிறார்கள்! ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதைத் தனி ஆளாகத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம். இரண்டு பேர் பிடியுங்கள்.

ஐந்து, ஆறாம் வாரம்: உங்கள் ஊரிலேயே ஒரு கொத்தனாரிடம் இரண்டு சனிக்கிழமை வேலைக்குப் போங்கள். கலவை எப்படிப் போடுவது, ரசமட்டம் எப்படிப் பார்ப்பது, சாரத்தில் எப்படி நிற்பது என்று அவர் காட்டித் தருவார். கூரை ஒழுகும் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி உங்கள் தெருவிலேயே இருப்பார். அவர் வீட்டில் தொடங்குங்கள். கடல் கடந்து வீடு கட்டப் போகிற பிள்ளை, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு ஓடு மாற்றித் தரவில்லை என்றால் எப்படி?

கடைசி இரண்டு வாரம்: லேசான நடை மட்டும். நன்றாகத் தூங்க வேண்டிய நாட்கள் இவை. நைட் ஷிப்ட் முடித்து நேராக ஏர்போர்ட்டுக்குப் போகிற திட்டமே கூடாது. புறப்படும் முன் இரண்டு ராத்திரி முழுத் தூக்கம் கட்டாயம்.

முதல் நான்கு வாரங்களில் வாரம் ஒரு முறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். வேலையால் ஏறும் வாதத்தை அது தணிக்கும். ஆனால் பயணத்துக்கு முந்தைய வாரம் "வயிற்றைச் சுத்தம் பண்ணிட்டுப் போகட்டும்" என்று பேதி மருந்து கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பலவீனமான குடலோடு புதுத் தண்ணீர் குடிக்கப் போவது ஆபத்து.

உபவாசமும் சாரமும்

இதை மனசில் பயத்தோடுதான் எழுதுகிறேன். ஊழியத்துக்குப் புறப்படும் முன் உபவாச ஜெபம் இருப்பதும், முழு இரவு ஜெபம் நடத்துவதும் பல சபைகளில் வழக்கம். உபவாசம் எங்கள் மருத்துவத்துக்கும் அந்நியமல்ல. 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது பழைய சொல். ஆனால் மருந்துக்கும் வேளை உண்டு அல்லவா? உபவாசத்தைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு, ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் வெயிலில் சாரத்தின் மேல் ஏறுவது பக்தி அல்ல, விபத்து. சர்க்கரை வியாதி, வலிப்பு, அல்சர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

ஆயர் ஐயாமார்களுக்கும் குழுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒரு பிள்ளை "எனக்கு வீசிங் இருக்கு ஐயா", "எனக்கு வலிப்பு மாத்திரை இருக்கு அக்கா" என்று சொல்லத் தயங்காத சூழ்நிலையை உண்டாக்குங்கள். சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். மறைத்த நோய்தான் மலை உச்சியில் ராத்திரி 12 மணிக்கு வெளியே வரும். இளைப்பு உள்ள பிள்ளையைச் சிமென்ட் தூசியிலிருந்து நகர்த்தி, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரவோ சமையலுக்கோ விடலாமே! அதே நேரத்தில், சமீபத்தில் மஞ்சள் காமாலையோ டெங்குவோ வந்து தேறாதவர்கள், காசநோய் மருந்து பாதியில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிடம் "இந்தத் தடவை வேண்டாம், அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொல்லும் துணிவும் ஒரு பெரியவருக்கு வேண்டும்.

அங்கே போனபின்

தண்ணீர்: தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா பாருங்கள். கெட்டியான மஞ்சள் என்றால் உடம்பு வற்றுகிறது. பேதி கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடியுங்கள். இங்கே பழகிய நீராகாரமும் உப்பு மோரும் அங்கே கிடைக்காமல் போகலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து கையில் இருக்கட்டும்.

சாப்பாடு: மலையகத்து வீடுகளில் போனவுடன் பிளேன் டீ தருவார்கள். மறுக்காதீர்கள். மரியாதைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. அது கொதித்த தண்ணீர் அல்லவா! நறுக்கி வைத்த பழம், ஆறிப்போன சோறு, ஈ மொய்த்த பண்டம் ஆகியவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். கூட்டத்துக்குச் சமைக்கும்போது அக்கறை இரண்டு பங்கு தேவை. 2021 டிசம்பரில் நம் பகுதி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதும் நமக்கு மறந்திருக்காது. ஒரே ஒரு அண்டா கெட்டால் மொத்தக் குழுவும் படுக்கும்.

சிமென்ட்: ஈரச் சிமென்ட் சுண்ணாம்பைப் போலத் தோலை அரிக்கும். கையுறை, பூட்ஸ் கட்டாயம். பூட்ஸுக்குள் கலவை விழுந்தால் உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் புண்தான் மிச்சம். கை வறண்டால் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ்: இதை அடிக்கோடிட்டு எழுத விரும்புகிறேன். புயலில் உடைந்த வீடுகளில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடக்கும். அதை உடைக்காதீர்கள், ரம்பத்தால் அறுக்காதீர்கள், பெருக்காதீர்கள். அந்த நுண்ணிய நார் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. பழக்கமும் பாதுகாப்புச் சாதனமும் உள்ள ஆட்களுக்கு அந்த வேலையை விட்டுவிடுங்கள். எங்கள் கஷாயம் எதுவும் அதைக் கரைக்காது.

எலிக்காய்ச்சல்: வெள்ளம் வடிந்த சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், கிருமி உள்ளே போய்விடும். 2008-ல் இலங்கையில் ஒரே வருடத்தில் 7,000 பேருக்கு மேல் இந்தச் சந்தேகத்தில் சிகிச்சை பெற்றார்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். முன்தடுப்பு மாத்திரை தேவையா என்று அங்குள்ள சுகாதார அதிகாரியைக் கேளுங்கள்.

அட்டையும் குளிரும்: நுவரெலியா 6,000 அடிக்கு மேல். பகலில் வியர்க்கும், ராத்திரி நடுங்கும். ஒரு ஸ்வெட்டர், இரண்டு ஜோடி காலுறை கூடுதலாக. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகினால் அட்டை ஏறாது. ஏறினால் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் மெல்ல நெம்பித் தள்ளிவிட்டு, கடிவாயைச் சோப்பால் கழுவுங்கள்.

பெண் பிள்ளைகள்: கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து நிற்கும். முதல் நாளே கழிப்பறை ஏற்பாட்டைப் பார்ப்பது தலைவரின் பொறுப்பு. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நேராக வாங்கி விழுங்கக் கூடாது.

நாம் கொண்டு போகும் நோய்

வெளிநாடு என்றால் அங்கிருந்து நமக்கு என்ன ஒட்டும் என்றுதான் நினைக்கிறோம். நாம் என்ன கொண்டு போகிறோம்? 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நம் நாட்டில் மலேரியா இன்னும் ஒழியவில்லை. அதைப் பரப்பும் கொசுவோ அங்கேயும் இருக்கிறது. நம் பிள்ளை ஒருவன் ரத்தத்தில் மலேரியாவோடு போய் மலைத் தோட்டத்தில் படுத்தால், அவர்கள் பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த சொத்து ஒரு கொசுவால் போய்விடும்!

அதனால் புறப்படும் முன் காய்ச்சல் வந்திருந்தால் ரத்தம் பாருங்கள். அங்கே போய்க் காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் இந்தியாவிலிருந்து வந்தவன்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். டெங்குவும் அங்கே உண்டு. ஆகவே காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், புரூபன் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டாம். டாக்டரைப் பார்க்கும் வரை பாரசிட்டமால் மட்டும். திரும்பி வந்தபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் இதே விதி. "இலங்கைக்குப் போய்ச் சேற்றில் வேலை செய்தேன்" என்று இங்குள்ள டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

பையில் என்ன?

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இருபது நாளைக்கு, டாக்டர் சீட்டோடு. ஓ.ஆர்.எஸ்., பாரசிட்டமால், காயத்துக்கு மருந்தும் கட்டுத் துணியும், கொசு விரட்டும் களிம்பு. எங்கள் பங்குக்கு ஒரு பொட்டலம் சுக்கு மல்லித் தூள், கொஞ்சம் சீரகம், ஓமம். கொத்தமல்லிக் குடிநீர் அங்கும் வீட்டுக்கு வீடு பழக்கம்தான், கேட்டால் போட்டுத் தருவார்கள். பெயர்ச் சீட்டு இல்லாத சூரணம், பற்பம், செந்தூரம் எதுவும் பையில் வேண்டாம். கஸ்டம்ஸில் அந்தப் பொடி என்னவென்று விளக்கப் பாட்டி கூட வரமாட்டார்!

இன்னொன்று. சுற்றுலா விசாவில் போய்க் கட்டட வேலை செய்யலாமா, தனி அனுமதி வேண்டுமா என்பதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மருத்துவச் செலவுக்கான பயண இன்ஷூரன்ஸும் எடுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற நம்பிக்கை இருக்கட்டும். அவர் கொடுத்த மூளையையும் கொஞ்சம் உபயோகிப்போமே!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பிறருக்காகக் கல் சுமக்க ஆசைப்படுகிறான் என்றால், உங்கள் வளர்ப்பு வீண் போகவில்லை. அந்த ஆசையைத் தடுக்காதீர்கள். அதற்கேற்ற உடம்பை அவனுக்கு ஏற்படுத்திக் கொடுங்கள். அஸ்திவாரம் சரியில்லாத வீடு நிற்காது என்று கொத்தனார் சொல்வார். வீடு கட்டுகிறவனுக்கும் அதே கணக்குதான். இன்று சாயங்காலமே தடுப்பூசிச் சீட்டைத் தேடி எடுங்கள்.